பறக்காத நாளுக்கும் காசு

பைலட் பயிற்சிக்கு வெளிநாடு போக நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த ஸ்கூல்ல ஃபீஸ் கம்மி?" என்றுதான். நியாயமான கேள்வி. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துத்தான் பல பேர் போகிறார்கள். ஒரு லட்சம் கூடினாலும் அது அப்பா அம்மா தலையில்தான் விழும். ஆனால் ஃபீஸ் பட்டியலை மட்டும் பார்த்துப் பள்ளியைப் பிடித்தவர்கள் பலர், அந்தப் பட்டியலில் இல்லாத செலவில்தான் மாட்டிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் முடியும் என்று சொன்ன பயிற்சி இரண்டு வருடம் இழுக்கும். இன்று விமானம் ஹேங்கரில், நாளை இன்ஸ்ட்ரக்டர் இல்லை, அடுத்த வாரம் மழை, அதற்கடுத்து எக்ஸாமினர் தேதி கிடைக்கவில்லை. அத்தனை நாளும் அங்கே வாடகை ஓடும், இங்கே கடனுக்கு வட்டி ஓடும். இடைவெளி விட்டால் கைப்பழக்கம் போய்விடும். அதைத் திரும்பப் பிடிக்க இன்னும் சில மணிநேரம் பறக்க வேண்டும், அதற்கும் தனிக் காசு.

அதனால் பள்ளியைப் பற்றி எதை விசாரித்தாலும் மனதுக்குள் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு விசாரி: இவர்கள் என்னை எத்தனை நாள் தரையில் உட்கார வைப்பார்கள்? மணிக்கு இருபது டாலர் குறைவாக வாங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை பறக்க விடுகிற பள்ளியைவிட, கொஞ்சம் கூடுதலாக வாங்கி வாரத்துக்கு நாலு நாள் பறக்க விடுகிற பள்ளிதான் உனக்கு மலிவு. நான் ஃப்ளோரிடாவில் பயிற்சி எடுத்தவள். அதனால் அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதே கேள்விகளை அங்கே கேட்கலாம்.

பணம் கட்டும் முன் மெடிக்கல்

பள்ளியின் பெயரைத் தேடுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது இது. இந்திய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல், அதை வைத்து கிளாஸ் 1. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 இல்லாமல் முடியாது. அமெரிக்காவில் எஃப்ஏஏ (அந்நாட்டு விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு) அங்கீகரித்த டாக்டரிடம் மெடிக்கல் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று பயிற்சியை முடித்துவிட்டு வந்து, இந்தியாவில் கிளாஸ் 1-இல் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை, காது கேட்பதில் குறை, இதயத்தில் ஏதாவது சந்தேகம் என்று எது இருந்தாலும் அது ஐம்பது அறுபது லட்சம் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அது சரியில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். பயப்படாமல் போய்ப் பரிசோதித்துக்கொள்.

பிளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் இருக்க வேண்டும் என்பது விதி. காமர்ஸ் படித்தவர்கள் என்ஐஓஎஸ் என்கிற திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தையும் எழுதி முடித்துவிட்டு வருகிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், எனவே கட்டணம் கட்டுகிற வாரத்தில் டிஜிசிஏ தளத்தைத் திறந்து நீயே ஒருமுறை படித்துப் பார். ஏஜென்ட் சொன்னதை வைத்து முடிவெடுக்காதே.

எந்த ஊரில் வேலை?

பள்ளியை விட முக்கியமான முடிவு இதுதான். இந்திய ஏர்லைன்ஸில் வேலை வேண்டும் என்றால் கையில் இந்திய லைசென்ஸ் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கியதை இங்கே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேயே தங்கி வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், நின்று யோசி. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டப்படி 2013 முதல் அங்கே ஏர்லைன்ஸில் கோ-பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும். குறிப்பிட்ட பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குக் கொஞ்சம் குறையும். 200, 250 மணிநேரத்தோடு நீ அங்கே ஏர்லைன்ஸ் கதவைத் தட்ட முடியாது.

"இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்து மணிநேரத்தை ஏற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அதற்கு விசாவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃப்ளைட் ஸ்கூல்கள் கொடுப்பது எம்-1 விசா. அதில் படிக்கும்போது வேலை பார்க்க அனுமதி கிடையாது. முடித்த பிறகு நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் வரை பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 விசா கொடுக்கிற பள்ளிகள் குறைவு. அதில் பன்னிரண்டு மாதம் வரை வாய்ப்புண்டு. எம்-1-இல் போய்விட்டு அங்கேயே எஃப்-1-ஆக மாற்றிக்கொள்ளவும் முடியாது. பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "எந்த விசாவுக்கு ஐ-20 (விசாவுக்கான சேர்க்கைப் படிவம்) தருவீர்கள்?" என்பதுதான்.

அடுத்து, பள்ளிகளை பார்ட் 61, பார்ட் 141 என்று இரண்டு வகையாகச் சொல்வது காதில் விழும். பார்ட் 141 பள்ளி எஃப்ஏஏ ஒப்புக்கொண்ட பாடத்திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும். வெளிநாட்டு மாணவருக்கு விசா வாங்கித் தருவது இந்த வகைப் பள்ளிகள்தான். பார்ட் 61-இல் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 250 மணிநேரம், 141-இல் 190 மணிநேரம். இங்கேதான் கவனம் வேண்டும். இந்தியாவுக்கு வேண்டியது 200. பள்ளி தன் பாடத்திட்டப்படி 190-இல் "முடிந்தது, வாழ்த்துகள்" என்று அனுப்பிவிட்டால், மிச்சப் பத்து மணிநேரத்தை இந்தியாவில் அதிக விலைக்குத் தேடி அலைய வேண்டிவரும்.

200 என்பது வெறும் மொத்தக் கணக்கு இல்லை. அதில் 100 மணிநேரம் நீயே பைலட் இன் கமாண்டாக இருந்திருக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு 50 மணிநேர கிராஸ் கன்ட்ரி, 40 மணிநேர இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு வேண்டும். அந்த நாற்பதில் சிமுலேட்டர் 20-க்கு மேல் போகக் கூடாது. இரவில் 5 மணிநேரம், பத்து டேக் ஆஃப், பத்து லேண்டிங். வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நின்று புறப்பட்ட 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கு மெயில் அனுப்பு. "உங்கள் பாடத்திட்டத்தில் இவை எந்தப் பாடத்தில் வருகின்றன?" என்று கேள். இந்திய மாணவர்களோடு பழகிய பள்ளி ஒரே நாளில் வரி வரியாகப் பதில் போடும். "கவலைப்படாதீர்கள், எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.

அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் ஒரே விமானத்தில் ஏறி, ஒருவர் வெளிப்பார்வையை மறைத்து இன்ஸ்ட்ருமென்ட் பார்த்து ஓட்ட, இன்னொருவர் சேஃப்டி பைலட்டாக உட்கார, இருவரும் மணிநேரம் எழுதிக்கொள்கிற வழக்கம் உண்டு. அங்கே அது சட்டப்படி சரி. பாதிச் செலவில் மணிநேரம் ஏறும். ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுதிய மணிநேரத்தை நம்பி உன் 200-ஐ எட்டாதே. டிஜிசிஏ மேஜையில் அது நிற்காது.

டிஜிசிஏ தேர்வுகளை, அதாவது நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஆகியவற்றை, கிளம்புவதற்கு முன்பே இங்கே எழுதி முடித்துவிடு. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். டெல்லி துவாரகாவில் இதற்கென்றே வகுப்புகள் நிறைய. பாடம் தெரிந்து போனவர்களுக்கு அங்கே தரைப்பாடம் வேகமாக முடியும், விமானத்துக்குள் ஒவ்வொரு நிமிடமும் பயிற்சியாக மாறும். தெரியாமல் போனால் இன்ஸ்ட்ரக்டர் ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காற்றழுத்தத்தை விளக்குவார், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

விமானத்தை எண்ணு

பள்ளிகளின் தளத்தில் "25 விமானங்கள்" என்று எழுதியிருக்கும். கேட்க வேண்டியது, இன்று காலை பறக்கத் தகுதியாக நின்ற விமானம் எத்தனை, இப்போது பயிற்சியில் இருக்கும் மாணவர் எத்தனை, முழுநேர இன்ஸ்ட்ரக்டர் எத்தனை என்ற மூன்று எண்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் பத்து செஸ்னா 172 என்று வை. அமெரிக்க விதிப்படி பயிற்சி விமானத்துக்கு 100 மணிநேரத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் செய்தாக வேண்டும். நன்றாக ஓடும் பள்ளியில் ஒரு விமானம் மாதத்துக்குள் நூறு மணியைத் தொட்டுவிடும். எனவே எப்போதும் ஒன்றிரண்டு ஹேங்கரில் பிரித்துப் போட்டபடி இருக்கும். மிச்சம் எட்டு. நாளுக்கு இரண்டு மணிநேர ஸ்லாட் ஐந்து என்றால் மொத்தம் நாற்பது ஸ்லாட். மாணவர் அறுபது பேர் என்றால், மழையும் விடுமுறையும் கழித்து வாரத்துக்கு மூன்று நாலு தடவை உனக்கு விமானம் கிடைக்கும். நூற்றிருபது பேர் என்றால் வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு. விமானமும் அதே, இன்ஸ்ட்ரக்டரும் அதே, மணிக்குக் கட்டணமும் அதே. உன் பயிற்சிக் காலம் மட்டும் இரண்டு மடங்கு.

இரட்டை எஞ்சின் விமானத்தைத் தனியாகக் கேள். டயமண்ட் டிஏ42, பைப்பர் செமினோல் மாதிரி விமானம் பல பள்ளிகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது ஒரு மாதம் பழுதானால், கடைசிக் கட்டத்தில் நிற்கிற அத்தனை மாணவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நமக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரட்டை எஞ்சினில் தேவைப்படுவதால் இது நேரடியாக நம் தலையில் வரும்.

பள்ளி சொல்லும் எண்ணை நம்பி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. படங்களில் விமானத்தின் வால் பக்கம் 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் தெளிவாகத் தெரியும். பத்துப் பதினைந்து எண்ணைக் குறித்துக்கொள். ஃப்ளைட்அவேர், ஃப்ளைட்ரேடார்24 தளங்களில் அந்த எண்ணைப் போட்டால் அந்த விமானம் சமீபத்தில் எப்போது பறந்தது, நாளுக்கு எத்தனை தடவை போனது என்று காட்டும். 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்பில் விமானம் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம் என்பதால் இது சாத்தியமாகிறது. சில உரிமையாளர்கள் மறைத்து வைத்திருப்பார்கள். ஆனாலும் நாலைந்து விமானம் தெரிந்தாலே நிலவரம் பிடிபட்டுவிடும். எஃப்ஏஏ பதிவேட்டில் அதே எண்ணைத் தேடினால் விமானம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வருடம் தயாரானது என்றும் தெரியும். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பான என்டிஎஸ்பியின் தளத்தில் விபத்து அறிக்கைகளும் பொதுவில் இருக்கின்றன. ஒரு விபத்து இருப்பதாலேயே பள்ளியை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வந்திருந்தால் ஒதுக்கு.

முடிந்தால் அங்கே படிக்கிற மாணவர் ஒருவரை வீடியோ காலில் டிஸ்பாட்ச் கவுன்ட்டர் வரை நடந்து காட்டச் சொல். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சாவியும் ஒரு கோப்பும் இருக்கும். கோப்பில் ஸ்குவாக் ஷீட் என்று ஒரு தாள். பறந்து வந்தவர் கண்ட குறையை அதில் எழுதுவார். "இடது பிரேக் மெதுவாகப் பிடிக்கிறது", "இரண்டாவது ரேடியோவில் இரைச்சல்" என்று ஒரு வரி, தேதி. அதற்கெதிரே மெக்கானிக் சரிசெய்து கையெழுத்திட்ட தேதி. அந்த இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று பார். நான் படித்த இடத்தில் ஒரு விமானத்தின் தாளில் அதே ரேடியோ புகார் வேறு வேறு கையெழுத்தில் கீழே கீழே எழுதப்பட்டிருந்தது, எதிர்ப்பக்கம் காலி. காலையில் டேங்க்கிலிருந்து நீல நிறப் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் பழகிய மாணவர்கள், அந்தக் காலி இடத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அது நல்ல பழக்கம் இல்லை. குறையை எழுதினால் சரிசெய்கிற இடத்தில்தான் குறையை எழுதும் தைரியம் வரும், அந்தத் தைரியத்தோடு ஒரு பைலட் வெளியே வர வேண்டும். இந்த விஷயத்தில் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிஜிசிஏ 2025 முதல் இந்தியப் பயிற்சிப் பள்ளிகளுக்கே தர வரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது. விமானத்துக்கு எத்தனை மாணவர், இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர், 200 மணிநேரம் முடிக்க எத்தனை காலம் ஆகிறது என்பதெல்லாம் அதில் கணக்கு. அந்தப் பட்டியலையும் பார். நல்ல இந்தியப் பள்ளியில் இடம் கிடைத்தால் லைசென்ஸ் மாற்றும் வேலையே இல்லை.

இன்ஸ்ட்ரக்டர், எக்ஸாமினர், வானம்

மேலே சொன்ன 1,500 மணிநேர விதிக்கு இன்னொரு விளைவு உண்டு. அமெரிக்க இன்ஸ்ட்ரக்டர்களில் பெரும்பாலானோர் அந்த 1,500-ஐ நோக்கி ஓடுகிற இளம் பைலட்டுகள். எட்டியதும் ஏர்லைன்ஸுக்குப் போய்விடுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் உனக்கு நடுவழியில் ஆள் மாறுவார். புதியவர் உன்னை நம்பி சோலோ அனுப்பும் முன் பழைய பாடங்களை மறுபடி பார்ப்பார். அது உன் செலவு. எனவே மாணவர்களிடம், "பயிற்சி தொடங்கியதிலிருந்து உனக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்டர் மாறினார்கள்?" என்று கேள். ஆள் மாறும்போது பள்ளி எப்படிக் கைமாற்றுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் ஸ்டேஜ் செக் தேர்வை யார் எடுக்கிறார்கள் என்பதையும் கேள்.

எக்ஸாமினர் விஷயம் பலருக்குத் தெரியாது. செக் ரைடு என்கிற பறப்புத் தேர்வை எடுப்பவர் எஃப்ஏஏ நியமித்த வெளி எக்ஸாமினர். கூட்டம் அதிகமான இடங்களில் அவர் தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் கட்டணமும் பள்ளிப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. தோற்றால் திரும்பவும் கட்ட வேண்டும். சில பார்ட் 141 பள்ளிகளுக்கு மட்டும், தாமே இறுதித் தேர்வு நடத்திக்கொள்ளும் அதிகாரத்தை எஃப்ஏஏ கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியாக இருந்தால் அது பெரிய பலம்.

ஃப்ளோரிடாவில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மதியம் தாண்டினால் இடிமேகம் கட்டிவிடும். காலை ஸ்லாட் கிடைத்தவர் பறப்பார், மதிய ஸ்லாட் கிடைத்தவர் ஹேங்கர் வாசலில் நின்று மேகத்தைப் பார்ப்பார். ஸ்லாட்டை யாருக்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலமும் சேரும். அரிசோனாவில் வானம் வருடத்தில் பெரும்பாலும் தெளிவு, ஆனால் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். சூடான லேசான காற்றில் 172 மெதுவாகத்தான் ஏறும், மதியப் பறப்புகள் குறையும். தென் ஆப்பிரிக்காவில் ரேண்ட் மதிப்பால் செலவு குறையலாம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல், அங்கேயும் கோடை மதியங்களில் இடிமழை. கனடாவில் குளிர்காலம் நீளம். நியூசிலாந்தில் பயிற்சித் தரம் நல்லது, காற்றுதான் அடிக்கடி தடுக்கும். ஐரோப்பாவில் ஏர்லைன் பைலட்டுக்கான ஏடிபிஎல் தியரி மட்டும் 13 தேர்வுகள்; இந்தியாவில் வேலை தேடுகிறவருக்கு அது சுற்றுவழி. என் தனிப்பட்ட கருத்து, ஒரு மேகத்தையும் பார்க்காமல் 200 மணிநேரம் முடிப்பதைவிட, கொஞ்சம் கெட்ட வானிலையை நல்ல இன்ஸ்ட்ரக்டரோடு பார்த்துவிட்டு வருவது மேல்.

டவர் இருக்கிற பரபரப்பான விமான நிலையம் ரேடியோவில் பேசுவதை நன்றாகப் பழக்கும். ஆனால் டாக்ஸி பண்ணி வரிசையில் நிற்கும்போதும் ஹாப்ஸ் மீட்டர் ஓடும். அது எஞ்சின் ஓடும் நேரத்தைக் கணக்கிடுவது, பத்தில் ஒரு பங்கு மணி, அதாவது ஆறு நிமிடத்துக்கு ஒரு எண் நகரும். ரன்வே வாசலில் பன்னிரண்டு நிமிடம் நின்றால் 0.2 போய்விட்டது. சில பள்ளிகள் டேகோ மீட்டர்படி வசூலிக்கும். தரையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது மெதுவாகத்தான் ஓடும். எந்த மீட்டர், பெட்ரோல் சேர்ந்த விலையா, இன்ஸ்ட்ரக்டருக்குத் தனியா, பறப்பதற்கு முன்னும் பின்னும் விளக்கும் நேரத்துக்கும் பில் உண்டா என்ற நாலையும் எழுத்தில் வாங்கு.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ரேடியோ இங்கிலீஷை நினைத்துத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ரேடியோவில் பேசுவது ஒரு சின்ன வட்டத்துக்குள் சுழலும் வார்த்தைகள்தான். லைவ்ஏடிசி தளத்தில் பல அமெரிக்க விமான நிலையங்களின் டவர் பேச்சு நேரடியாக ஓடும். நீ போகப் போகும் விமான நிலையத்தையோ பக்கத்தில் உள்ளதையோ போட்டுத் தினம் அரைமணிநேரம் கேள், டவர் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொல். விசா நாள் வரும்போது காது பழகியிருக்கும்.

பணத்தை உன் கையில் வை

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதே. பத்து சதவீதம் தள்ளுபடி என்றாலும் கட்டாதே. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தியது. 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் லைசென்ஸும் இல்லாமல், எடுத்த கடனும் தீராமல் நடுத்தெருவில் நின்றார்கள். 2023-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் பல ஆண்டுப் பெயர் பெற்ற டேசைட் ஏவியேஷனும் மூடப்பட்டது. பெரிய பெயர், பழைய பெயர் என்பது உன் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. பிரைவேட் பைலட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல் என்று கட்டம் கட்டமாகக் கட்டு. பள்ளிக் கணக்கில் உன் பெயரில் இருக்கும் மீதி சில ஆயிரம் டாலருக்கு மேல் எப்போதும் போக வேண்டாம். நடுவில் விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், ஏஜென்ட் கணக்குக்கு வேண்டாம். ஏஜென்ட்டுகளில் உண்மையாக உதவுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பள்ளியிலிருந்து கமிஷன் வருகிறது, ஆகவே அவர்கள் காட்டும் மூன்று பள்ளிகள் கமிஷன் தரும் மூன்று பள்ளிகள். "நூறு சதவீதம் வேலை" என்று விளம்பரம் போட்டிருந்தால் அந்த வாசலைக் கடந்து போய்விடு. வேலைக்கு எடுப்பது ஏர்லைன்ஸ், பள்ளி இல்லை. லைசென்ஸ் கிடைத்த பிறகும் ஏர்பஸ் 320 மாதிரி விமானத்துக்கு டைப் ரேட்டிங் எடுக்கப் பல லட்சம் ஆகும் என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லி வை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பேங்க் டிசிஎஸ் வரி பிடித்தால் அதை ஐடி ரிட்டர்னில் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். அந்த ரசீதுகளைத் தனியே வை.

பள்ளி கொடுக்கும் பழைய மாணவர்களின் எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதே. இப்போது படிக்கிறவரை நீயாகத் தேடிப் பிடி. லிங்க்ட்இன்னில் பள்ளியின் பெயரைப் போட்டால் கிடைப்பார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். "ஸ்கூல் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை தடவை பறந்த? கடைசியா எதுக்கு கேன்சல் ஆச்சு? உன்கூடச் சேர்ந்தவங்க எத்தனை பேர் முடிச்சாங்க?" என்று கேள். பதில் தானாக வரும்.

தங்குமிடம்

தங்கைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். பள்ளி தரும் தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி ஃப்ளாட் உண்டா, அறைக்குத் தனிப் பூட்டு உண்டா, இரவுப் பறப்பு முடிந்து திரும்ப வண்டி உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதே. பயிற்சி விமான நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பஸ் கிடையாது. நாலு பேர் சேர்ந்து பழைய கார் வாங்கிக்கொள்வது வழக்கம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லாமல் அமெரிக்காவில் ஒரு நாள்கூட இருக்காதே; பல் வலிக்குப் போனாலே ஒரு மாத வாடகை போய்விடும். சமைக்கக் கற்றுக்கொண்டு போ. அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

பயிற்சி தொடங்கும் முன்பே, டிஎஸ்ஏ என்கிற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதியை வெளிநாட்டு மாணவர்கள் வாங்க வேண்டும். விரல்ரேகை, பாஸ்போர்ட், பள்ளி விவரம் எல்லாம் கேட்பார்கள். இதற்கு வழிகாட்டாத பள்ளியில் முதல் பாடமே சில வாரம் தள்ளிப்போகும். விசாவுக்கு முன் செவிஸ் என்கிற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் கட்ட வேண்டும், ரசீதை நேர்காணலுக்கு எடுத்துப் போக வேண்டும்.

லாக் புக்கைத் தினமும் எழுது. வாரக் கடைசியில் ஒருமுறை 100, 50, 40, 5 என்ற இந்தியக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடு. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தை அன்றன்றே வாங்கு. அவர் ஏர்லைன்ஸுக்குப் போன பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியலோடு லைசென்ஸ் வாங்கியவர்கள் இந்தியாவில் பிடிபட்டார்கள், அதன் பிறகு எல்லாருடைய தாள்களையும் உற்றுப் பார்க்கிறார்கள். வெளிநாட்டு லைசென்ஸ் உண்மையானதா என்று கொடுத்த நாட்டிடமே டிஜிசிஏ கேட்டு உறுதி செய்துகொள்ளும். அந்தப் பதில் வரும்வரை உன் விண்ணப்பம் நகராது. எனவே கடைசி செக் ரைடு முடிந்த மகிழ்ச்சியில் மறுநாளே டிக்கெட் போட்டுவிடாதே. பள்ளி முத்திரையிட்ட லாக் புக், பயிற்சிப் பதிவேடு முழுவதின் நகல், ஒவ்வொரு தேர்வின் முடிவுத் தாள், பறந்த விமானங்களின் பதிவு எண்களோடு பள்ளித் தலைமை இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்திட்ட கடிதம், கணக்கில் மீதமிருந்த பணம் திரும்பியதற்கான ரசீது ஆகிய ஐந்தையும் கையில் வாங்கி, ஸ்கேன் செய்து வீட்டுக்கு ஒரு பிரதி மெயில் அனுப்பிய பிறகு விமானம் ஏறு.